எம்ஹெச்கேப் கையேடு: மனநல மருத்துவர் பக்கத்தில் இல்லாதவர்களுக்கு

உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட எம்ஹெச்கேப் (mhGAP, மனநலச் சிகிச்சை கிடைக்காத இடைவெளியைக் குறைக்கும் திட்டம்) கையேட்டின் 2.0 பதிப்பைப் பற்றி எழுதுகிறேன். 2016-இல் வந்தது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. மனநலத்தில் தனிப்பட்ட பயிற்சி பெறாத டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் என்றே எழுதியது. நானும் அந்த வகைதான்: கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் காய்ச்சல், சர்க்கரை, பிரஷர் பார்க்கும் பொது மருத்துவர். இங்கிருந்து மனநல மருத்துவரிடம் போய்வர ஒரு முழு நாள் ஆகும். துணைக்குப் போகிறவருக்கும் அன்றைய கூலி போய்விடும். எழுதிக் கொடுத்த சீட்டு பல நேரம் சட்டைப்பையிலேயே கிடக்கும்.

மனச்சோர்வு, சைக்கோசிஸ் (நிஜத்தோடு தொடர்பு அறுந்துபோகும் மனநோய்), வலிப்பு, மறதிநோய், குடி என ஒவ்வொன்றுக்கும் ஒரு பகுதி. எல்லாம் 'ஆம், இல்லை' என்று அம்புக்குறி போட்டுப் போகும் படங்கள். நோயாளியை எதிரில் வைத்துக்கொண்டே புரட்டலாம்.

எனக்கு அதிகம் கைகொடுத்தது மனச்சோர்வுப் பகுதி. 'மனசு சரியில்லை' என்று சொல்லிக்கொண்டு யாரும் வருவதில்லை. உடம்பு வலி, அசதி, தூக்கமில்லை என்றுதான் வருவார்கள். காரணம் தெரியாத உடல் உபாதைகள் தொடர்ந்தால் இதையும் யோசி என்கிறது கையேடு. ஆனால் அவசரப்பட விடுவதில்லை. ரத்தசோகை, தைராய்டு குறைவு இருக்கிறதா, கடந்த 6 மாதத்துக்குள் வீட்டில் இழப்பு ஏதும் நடந்ததா என்று பார்க்கச் சொல்கிறது. அப்புறம் முக்கியமான ஒரு கேள்வி: முன்பு எப்போதாவது தூக்கமே தேவைப்படாமல், அளவுக்கு மீறிய உற்சாகத்தில், காசை வாரி இறைத்த காலம் உண்டா? உண்டு என்றால் அது அதீத உற்சாகமும் சோர்வும் வெவ்வேறு காலங்களில் வரும் இருமுனைக் கோளாறாக இருக்கலாம். மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் நிலைமை தலைகீழாகிவிடலாம். பரபரப்பான ஓ.பி.யில் இந்தக் கேள்விதான் முதலில் விட்டுப்போகும்.

வைட்டமின் ஊசி போட்டு அனுப்பாதே என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். அந்த வரிக்காகவே கையேட்டைப் பாராட்டலாம். தற்கொலை எண்ணம் உண்டா என்று நேரடியாகக் கேட்கலாம், கேட்பதால் ஆபத்து கூடாது என்பதும் அதில் உண்டு. பூச்சிமருந்து போன்றவற்றைக் கைக்கு எட்டாமல் வைக்கச் சொல்வதும் கிராமத்துக்குப் பொருத்தமான யோசனை.

சரி, குறைகள். சிக்கலான இடம் வந்தாலே 'நிபுணரைக் கலந்தாலோசிக்கவும்' என்று ஒரு கட்டம். நிபுணர் எட்டும் தூரத்தில் இல்லாததால்தானே ஐயா இதைத் திறந்தோம்! மருந்து விஷயத்திலும் இதே கதை. அறிகுறிகள் அடங்கிய பிறகும் 9 முதல் 12 மாதம் மனச்சோர்வு மாத்திரையைத் தொடர வேண்டும் என்கிறது. அது சரிதான். ஆனால் ஃப்ளூஆக்ஸிடின் என்ற மனச்சோர்வு மாத்திரையின் இருப்பு நடுவில் தீர்ந்துபோவது எனக்கு அடிக்கடி நடக்கிறது. கையேடு ஏதோ அலமாரி எப்போதும் நிறைந்திருப்பது போலப் பேசுகிறது. பதற்ற நோய்க்குத் தனிப் பகுதி இல்லாதது பெரிய ஓட்டை. 2023-இல் வந்த புதிய வழிகாட்டு நெறிகளில்தான் அதைச் சேர்த்தார்கள்.

போனில் பார்க்கச் செயலியும் உண்டு. எனக்கு அச்சுப் பிரதிதான் வசதி. அழுதுகொண்டிருப்பவர் முன்னால் போனைத் தடவினால் வாட்ஸ்அப் பார்க்கிறோம் என்றுதான் நினைப்பார்.

இதை மட்டும் படித்துவிட்டு யாரும் தனியாக இறங்க வேண்டாம். பயிற்சியும், சந்தேகம் வந்தால் போனில் கேட்க ஒரு மனநல மருத்துவரும் இருந்தால்தான் முழுப்பலன். புதிதாகக் கிராமத்தில் வேலைக்குச் சேர்பவர்கள் மனச்சோர்வு, வலிப்பு, தற்கொலை ஆகிய பகுதிகளை முதலில் அச்செடுத்து மேஜையில் வையுங்கள். மற்றதை மெதுவாகப் படித்துக்கொள்ளலாம்.