பதினோரு வருஷம், ஒரு வாசல், நான்கு பூட்டு

திருவான்மியூரில், கடற்கரைக்குப் பொடிநடையாகப் போய்வரும் தூரத்தில் எங்கள் ஃப்ளாட். 2014-ல் குடிவந்தோம். உப்புக்காற்று ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின் என்று ஒவ்வொன்றாகப் பதம் பார்த்துவிட்டு வாசல் கதவுக்கு வர அதிக நாள் ஆகவில்லை. இந்தப் பதினோரு வருஷத்தில் அந்த ஒரு வாசலுக்கு மட்டும் செய்த செலவைக் கூட்டிப் பார்த்தால், பூட்டைவிடப் பூட்டைச் சுற்றி இருக்கும் சில்லறைச் சாமான்களால்தான் அதிகம் அவதிப்பட்டிருக்கிறோம்.

பில்டர் போட்டுக் கொடுத்தது நைட் லாட்ச், கதவைச் சாத்தினாலே தானாக விழுந்துகொள்ளும் பூட்டு. ஒரு நாள் காலை, அடுப்பில் வெந்நீரை வைத்துவிட்டுப் பால் பாக்கெட் எடுக்க வெளியே வந்தேன். பால்கனிக் கதவு திறந்திருந்தது. காற்று ஒரு வீச்சு வீசியதில் வாசல் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. சாவி உள்ளே, போன் உள்ளே, நான் லுங்கியோடு மாடிப்படியில். எதிர்வீட்டு மாமி போன் போட்டு, மார்க்கெட் ஓரம் சாவி போடுகிறவரை வரவழைத்தார். அவர் பையிலிருந்து ஒரு பழைய எக்ஸ்ரே ஃபிலிம் துண்டை எடுத்தார். கதவிடுக்கில் விட்டு இரண்டு ஆட்டு. திறந்துவிட்டது. வெந்நீர் இன்னும் கொதித்துக்கூட முடியவில்லை.

முந்நூறு ரூபாய் போனது பெரிதில்லை. அந்த வேகம்தான் வயிற்றைக் கலக்கியது. அதுவரை கடைக்குப் போகும்போதெல்லாம் கதவை இழுத்துச் சாத்திவிட்டு, பூட்டியாகிவிட்டது என்றுதான் போய்க்கொண்டிருந்தோம். சாத்தினால் விழும் நாக்கு வெறும் ஸ்பிரிங்கில் நிற்பது. சரிவான முனையைத் தள்ளினால் உள்ளே போய்விடும். சாவியைப் போட்டுத் திருப்பினால் வெளியே வரும் கட்டை நாக்குதான் பூட்டு.

அடுத்து மார்ட்டைஸ் லாக், கதவுப் பலகைக்குள்ளேயே புதைத்து வைக்கும் பூட்டு. பாரிமுனையில் ஒரு கடையில் வெல்வெட் பலகையில் கைப்பிடிகளை வரிசையாக மாட்டி வைத்திருந்தார்கள். பழைய பித்தளை நிறத்தில் கனமாக ஒன்று. பார்த்ததுமே நானும் மனைவியும் விழுந்துவிட்டோம். பூட்டின் விலையைவிடக் கைப்பிடியின் விலை அதிகம் என்பது பில்லைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அது பித்தளையும் இல்லை. ஜிங்க் அலாய்க்கு மேல் முலாம். மூன்றாவது மழைக்காலத்தில் அம்மை போட்ட மாதிரி கொப்பளித்து, உள்ளேயிருந்து வெள்ளையாகப் பொடி பூத்தது. கதவுக்குள் புதைந்திருந்த பூட்டு மட்டும் ஒரு குறையும் சொல்லாமல் வேலை செய்தது. நல்லவேளை, கைப்பிடிக்கும் சாவித்துளைக்கும் நடுவே 85 மி.மீ. இடைவெளியிலேயே ஸ்டீல் கைப்பிடி கிடைத்தது. இல்லாவிட்டால் கதவை மறுபடி ஓட்டை போட்டிருக்க வேண்டும்.

ஸ்டீல் என்றதும் காந்தத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போகும் கூட்டத்தில் நானும் ஒருவன். காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல ஸ்டீல் என்று ஒரு கணக்கு. 202 கிரேடும் காந்தத்தில் ஒட்டாது, 304-ம் ஒட்டாது. ஆனால் 202-ல் நிக்கல் குறைவு. கடலோரத்தில் அதுதான் சீக்கிரம் பழுப்புப் புள்ளி போடும். காந்தத்தை வைத்து இரும்பை மட்டும் கண்டுபிடிக்கலாம். அதனால் இப்போதெல்லாம் காந்தத்தை ஸ்க்ரூவில் வைத்துப் பார்க்கிறேன். எங்கள் டவர் போல்ட், அதாவது கதவின் உள்தாழ்ப்பாள், 304. டப்பாவோடு வந்த ஸ்க்ரூ வெறும் இரும்பு, மேலே பளபளப்பு. இரண்டு வருஷத்தில் ஸ்க்ரூத் தலை கரைந்து, மினுமினுக்கும் தாழ்ப்பாள் ஒரு நாள் அப்படியே கையோடு வந்துவிட்டது. ஸ்டீலோடு ஒட்டி இருக்கும் இரும்பு சாதாரணமாகத் துருப்பிடிப்பதைவிட வேகமாகவே துருப்பிடிக்கும். ஸ்டீல் ஸ்க்ரூவைத் தனியாக எண்ணி வாங்குங்கள்.

2018-ல் சாவிக்கொத்து தொலைந்தது. முழுப் பூட்டையும் மாற்ற வேண்டும் என்றார் கடைக்காரர். வேண்டியதில்லை, சாவி நுழையும் சிலிண்டரை மட்டும் மாற்றினால் போதும். கதவின் பக்கவாட்டில் இருக்கும் நீள ஸ்க்ரூவைக் கழற்றிவிட்டு ஆசாரி இழுத்தார், இழுத்தார், வரவே இல்லை. சாவியைப் போட்டு ஒரு சொட்டு திருப்பி, உள்ளே துருத்தியிருக்கும் நாக்கு சிலிண்டரோடு நேராக வந்ததும் வழுக்கிக்கொண்டு வந்தது. 60 மி.மீ.க்குப் பதில் 70 வாங்கி வந்திருந்தேன். வெளியே துருத்திக்கொண்டு நின்றது. துருத்தினால் பிடித்து உடைப்பது சுலபம். திருப்பிக் கொடுத்து மாற்றினேன். இரண்டு பக்கமும் சாவி போடும் சிலிண்டர்தான் பாதுகாப்பு என்று கடைக்காரர் சாதித்தார். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அந்தப் பேச்சைக் கேட்காதீர்கள். ராத்திரி கேஸ் வாடை வந்தால் அம்மா இருட்டில் சாவியைத் தேடுவாளா? உள்பக்கம் கையால் திருகும் குமிழ் வைத்ததைத்தான் வாங்கினேன்.

அம்மாவைப் பற்றி ஒரு குறையும் உண்டு. பூட்டு இறுகினால் தேங்காய் எண்ணெய் விடுவாள். ரெண்டு நாள் வெண்ணெயாகத் திரும்பும். அப்புறம் தூசியும் எண்ணெயும் சேர்ந்து மைபோல ஆகிச் சாவி நடுவில் நின்றுவிடும். பென்சிலால் சாவியின் பல்லில் கருப்பாகத் தேய்த்து, நாலு முறை போட்டு எடுத்தால் போதும். இப்போது அவளே பேரனின் பென்சிலைத் தேடுகிறாள்.

மகன் அடம்பிடித்து 2022-ல் டிஜிட்டல் பூட்டு வந்தது. பள்ளி விட்டு வரும் பிள்ளைக்குச் சாவி கொடுத்தனுப்ப வேண்டாம் என்பது பெரிய நிம்மதி. அம்மாவின் விரல் ரேகை மட்டும் ஏறவே இல்லை. அறுபது வருஷம் பாத்திரம் தேய்த்த விரல். நம்பர் வைத்துக் கொடுத்தோம். அதைத் தினசரி காலண்டர் அட்டையின் பின்னால் எழுதி வைத்திருந்தாள், வீட்டுக்குள்ளே.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். எங்கள் தெருவில் கரண்ட் இல்லை. பூட்டுக்கு அதனால் ஒன்றுமில்லை, பேட்டரியில்தானே ஓடுகிறது. ஆனால் ஈரத்தில் கதவு உப்பிவிட்டது. மோட்டார் நாக்கைத் தள்ளும், சட்டத்துத் தகட்டின் ஓரத்தில் இடிக்கும், பீப் பீப் என்று கத்திவிட்டுப் பின்வாங்கும். பழைய பூட்டாக இருந்தால் தோளால் ஒரு அழுத்து அழுத்தி, சாவியைத் திருப்பியிருப்போம். மோட்டாருக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. பூட்டு கம்பெனி ஆள் வந்து உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டு போய்விட்டது, மாற்றணும் என்றார். ஆசாரி வந்து பூட்டைத் தொடவே இல்லை. மேல் கீலைப் பார்த்தார். ஸ்க்ரூ மூன்றும் லொடலொட. கதவு தன் கனத்தில் இறங்கியிருந்தது. மழை ஒரு சாக்கு. துளைகளில் ஃபெவிகால் தோய்த்த தீக்குச்சிகளைத் திணித்து, காய்ந்தபின் நீளமான ஸ்க்ரூவாகப் போட்டு முடுக்கினார். தகட்டுத் துளையை ஒரு நூல் அளவு அராவினார். இன்றுவரை அந்த போர்டேதான் ஓடுகிறது.

நான்காவது பூட்டு நாங்கள் வாங்கியதே இல்லை. கிரில் கேட்டில் தொங்கும் மாங்காய்ப் பூட்டு, அம்மா திண்டுக்கல்லிலிருந்து கொண்டுவந்தது. கையில் எடுத்தால் அரைக் கிலோ தேறும். 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தி வந்தபோது, பேப்பரை மடித்து என் காபி டம்ளருக்கு அடியில் வைத்துவிட்டுப் போனாள். பூட்டு நன்றாகத்தான் இருக்கிறது. அது மாட்டியிருக்கும் ஆல்ட்ராப்பின் (கேட்டின் குறுக்குத் தாழ்ப்பாள்) கொண்டிதான் உப்புக்காற்றில் அரித்து, சுண்டுவிரல் தடிமனிலிருந்து பென்சில் தடிமனுக்கு வந்திருக்கிறது. வெல்டரிடம் சொல்லி மூன்று வாரமாகிறது. நாளை வருகிறேன் என்கிறார்.