ஒரு கை தூளியில், ஒரு கை போனில்: ஜிபோர்டு தமிழ்க் குரல் தட்டச்சு

தூளியை ஆட்டும் நேரம், தோளில் சாய்த்துத் தட்டிக்கொடுக்கும் நேரம், பால் கொடுக்கும் நேரம். மூன்றிலும் கைக்கு வேலை இருக்கிறது, வாய் சும்மாதான் இருக்கிறது. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு எழுத நினைப்பவர்களுக்கு, பேசுவதை எழுத்தாக்கும் குரல் தட்டச்சைப் பரிந்துரைக்க இந்த ஒரு காரணம் போதும். கூகுளின் கீபோர்டு செயலியான ஜிபோர்டின் தமிழ்க் குரல் தட்டச்சு இலவசம், பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் ஏற்கெனவே இருக்கும் கீபோர்டிலேயே கிடைக்கிறது. முதல் வரைவுக்கு நல்ல கருவி. அச்சுக்கு அனுப்பும் பிரதிக்கு ஆகாது. இந்த இரண்டையும் பிரித்துப் புரிந்துகொண்டவருக்கு வாரத்துக்கு ஒரு சிறுகதையின் கரட்டு வடிவமாவது தேறும். பிரிக்காமல் சொல்வதும் திருத்துவதும் ஒன்றாக நடக்க வேண்டும் என்று பார்த்தால் மூன்றாம் நாளே கைவிட்டுவிடுவீர்கள்.

கூகுள் இதைத் தமிழுக்குக் கொண்டுவந்தது 2017 ஆகஸ்டில். மலையாளம், தெலுங்கு, கன்னடம் உள்ளிட்ட வேறு சில இந்திய மொழிகளும் அதே அறிவிப்பில் வந்தன. இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா என்று நாடுவாரியாகத் தமிழ் உண்டு. உங்கள் ஊருக்கு உரியதைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

அமைப்பது ஐந்து நிமிட வேலை. ஜிபோர்டு அமைப்புகளில் ‘மொழிகள்’ பகுதிக்குப் போய்த் தமிழைச் சேருங்கள். ‘குரல் தட்டச்சு’ பகுதியில் அது இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பலரும் இடறுவது இதற்கு அடுத்த படியில். மைக் எந்த மொழியைக் கேட்கும் என்பதை அந்த நேரத்தில் திரையில் இருக்கும் கீபோர்டுதான் முடிவு செய்கிறது. ஆங்கிலக் கீபோர்டு இருக்கும்போது மைக்கை அழுத்தித் தமிழ் பேசினால் பொருளற்ற ஆங்கிலச் சொற்கள் வரிசையாக விழும். ‘தமிழ் இதற்குப் புரியவே இல்லை’ என்று சொல்பவர்களில் பாதிப் பேர் இங்கே தடுக்கியவர்களாகத்தான் இருப்பார்கள். இடைவெளி விசையை அழுத்திப் பிடித்து மொழியைத் தமிழுக்கு மாற்றிவிட்டுப் பிறகு மைக்கைத் தொடுங்கள். கீபோர்டின் மெனுவில் ‘ஒற்றைக் கை’ வடிவமும் இருக்கிறது. குழந்தை இடது தோளில் தூங்குகிறது என்றால் கீபோர்டை வலப்பக்கம் ஒதுக்கிவைத்தால் கட்டைவிரல் எல்லா விசைக்கும் எட்டும்.

இணையம் இருக்க வேண்டும். சிக்னல் விட்டுவிட்டு வரும் அறையில் பாதி வாக்கியம் தொலையும். சொல்லத் தொடங்குமுன் ‘தொந்தரவு செய்யாதே’ நிலையைப் போட்டுவிடுங்கள், அழைப்பு வந்தால் மைக் நின்றுபோகும்.

இனி இதன் பெரிய குறைக்கு வருவோம். சில விநாடிகள் பேசாமல் இருந்தால் மைக் தானாக அணைந்துவிடும். குறுஞ்செய்தி அனுப்புபவருக்கு இது பொருட்டல்ல. எழுதுபவருக்கு இதுதான் தலைவலி, ஏனென்றால் எழுத்தின் பெரும்பகுதி வாக்கியங்களுக்கு இடையிலான மௌனத்தில் நடக்கிறது. அணைந்தது தெரியாமல் நான்கு வாக்கியம் சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்தால் ஒன்றுகூட இருக்காது. இதற்கு இரண்டு வழி. ஒன்று, வாக்கியத்தை முழுதாக மனத்தில் கட்டிக்கொண்டு, பிறகு மைக்கைத் தொட்டு, ஒரே மூச்சில் சொல்வது. தூளி ஆட்டும் தாளம் இதற்கு நன்றாகவே ஒத்துவரும். இரண்டாவது வழி, கூகுளின் லைவ் டிரான்ஸ்கிரைப் செயலி. காது கேளாதவர்களுக்காக 2019இல் வெளியான செயலி அது, அமெரிக்காவின் கேலடெட் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து உருவாக்கப்பட்டது. எழுபதுக்கும் மேற்பட்ட மொழிகளில் இயங்குகிறது, தமிழும் அதில் உண்டு. மற்றவர் பேச்சை இடைவிடாமல் கேட்டு எழுத்தாக்கவே அதை வடிவமைத்திருக்கிறார்கள், ஆகவே நீங்கள் யோசிக்க எடுக்கும் இடைவெளிக்கு அது அணையாது. நீளமாகச் சொல்பவர்களுக்கு அதுவே மேல். வீட்டில் பேசும் எல்லாருடைய பேச்சும் அதில் சேர்ந்துவிடும் என்பதுதான் அதற்குக் கொடுக்கும் விலை.

அடுத்தது குரலின் அளவு. தூங்கும் குழந்தை பக்கத்தில் இருந்தால் இயல்பாகவே கிசுகிசுக்கத் தோன்றும். கிசுகிசுப்பு இந்தக் கருவிக்குச் சரிவராது. கிசுகிசுக்கும்போது குரல்நாண் அதிர்வதில்லை, காற்றின் ஒலி மட்டுமே மைக்குக்குப் போகிறது. சொல்லின் வடிவமே மங்கிவிடுகிறது. தாலாட்டுப் பாடும் குரலில், தாழ்ந்த சுருதியில், நாண் அதிரும்படி பேசுங்கள். பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். மைக் உள்ள கம்பி இயர்போன் ஒன்றை வாங்கிக்கொண்டால் வித்தியாசம் நன்றாகவே தெரியும். மைக் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் வந்துவிடுவதால் மின்விசிறி இரைச்சல் பின்னுக்குப் போகும். ஓடும் மிக்ஸிக்கும் குக்கர் விசிலுக்கும் மட்டும் தீர்வு கிடையாது. அந்த நேரத்தை விட்டுவிடுவதுதான் நல்லது.

எழுத்துப்பிழைகள் எங்கே விழும் என்று முன்கூட்டியே தெரிந்துவைத்திருந்தால் திருத்த ஆகும் நேரம் பாதியாகும். ல, ள, ழ குழப்பம் எதிர்பார்த்ததுதான். பள்ளி பல்லியாகலாம், வாழை வாளையாகலாம். கரை, கறை, மனம், மணம், அரம், அறம் ஆகியவற்றையும் காதால் மட்டும் பிரிக்க முடியாது, பெரும்பாலான வட்டாரங்களில் நாமே ஒன்றுபோலத்தான் சொல்கிறோம். கருவி பக்கத்துச் சொற்களை வைத்து ஊகிக்கிறது. ஆகையால் ‘மணம்’ என்று தனியாகச் சொல்வதைவிட ‘மல்லிகைப் பூவின் மணம்’ என்று தொடராகச் சொன்னால் சரியாக விழ வாய்ப்பு அதிகம். ஒரு சொல் தவறாக விழுந்துவிட்டது என்று அதையே திரும்பத் திரும்ப அழுத்திச் சொல்லாதீர்கள். அழுத்த அழுத்த ஊகம் இன்னும் மோசமாகும்.

ஒற்று அநேகமாக விழாது. ‘அதைப் பார்த்தாள்’ என்பது ‘அதை பார்த்தாள்’ என்றும், ‘வீட்டுக்குப் போனாள்’ என்பது ‘வீட்டுக்கு போனாள்’ என்றும்தான் வரும். இதை ஒவ்வொன்றாகத் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். வரைவை கூகுள் டாக்ஸில் ஒட்டி, தேடல் பெட்டியில் ‘க்கு’ என்று போட்டு ஒவ்வொரு இடமாக நகருங்கள். அடுத்த சொல் க, ச, த, ப வரிசையில் தொடங்கினால் ஒற்றைச் சேருங்கள். இரண்டாம் வேற்றுமை ஐ உருபுக்கு இப்படித் தேட வசதியில்லை, படித்துப் பார்த்துத்தான் திருத்த வேண்டும். முற்றுப்புள்ளி, காற்புள்ளி, மேற்கோள் குறிகளைக் கையாலேயே இடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். எண்கள் ஒரு நேரம் இலக்கமாக விழும், ஒரு நேரம் எழுத்தாக விழும். ஊர்ப்பெயர், ஆட்பெயர் இரண்டையும் நம்பவே கூடாது.

குறிச்சொல் ஒன்று வைத்துக்கொள்வது இந்தக் கருவியோடு நெடுநாள் பழகுபவர்களுக்குப் பெரிய துணை. உங்கள் கதையில் வரவே வராத, ஒலியில் குழப்பம் இல்லாத ஒரு சொல்லைத் தேர்ந்தெடுங்கள். ‘வெங்காயம்’ என்று வைத்துக்கொள்வோம். சந்தேகமான பெயரைச் சொன்னதும், பத்தி மாறும்போதும், குழந்தை அழுது பாதியில் எழுந்து போகும்போதும் அந்தச் சொல்லைச் சொல்லிவிடுங்கள். பிறகு தேடலில் அதைப் போட்டால் திருத்த வேண்டிய இடமெல்லாம் வரிசையாக வந்து நிற்கும்.

நடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பேச்சுத் தமிழை இது ஓரளவு அப்படியே எழுதும், ஆனால் ஒரே சொல்லை ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விதமாக எழுதும். ‘வந்துக்கிட்டு’, ‘வந்துட்டு’, ‘வந்திட்டு’ மூன்றும் ஒரே பக்கத்தில் கிடக்கும். அப்படியிருந்தும் உரையாடலுக்கு இதைவிட நல்ல வழி தெரியவில்லை. தட்டச்சில் விறைத்துப்போகும் வசனம் வாயால் சொல்லும்போது தானாகவே மூச்சுவிடுகிறது. விவரணையை எழுத்து வழக்கில் சொல்லுங்கள், வசனத்தைப் பேச்சு வழக்கில் சொல்லுங்கள், இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கலக்காதீர்கள். கவிதைக்கு வேண்டாம். வரி உடைவது முழுக்கக் கையின் வேலை. தரவும் பெயரும் நிறைந்த கட்டுரைக்கும் பெரிய பயன் இல்லை.

குழந்தையின் வயதுக்கேற்பக் கருவியின் பயனும் மாறுகிறது. தவழத் தொடங்கும் முன் இருக்கும் மாதங்கள்தான் பொற்காலம். அம்மாவோ அப்பாவோ என்ன சொன்னாலும் குழந்தைக்கு அது குரல்தான், கதையை அதன் முகம் பார்த்தே சொல்லலாம். தவழ ஆரம்பித்ததும் போன்தான் அதன் இலக்கு. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் திரையே வேண்டாம் என்றும், இரண்டு வயதில் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லியிருக்கிறது. எழுத்து ஓடும் திரை குழந்தையின் கண்ணில் படாதபடி போனைத் திருப்பி வைக்க இதுவும் ஒரு காரணம். இரண்டரை வயதுக்கு மேல் ‘யார்கிட்ட பேசுறே?’ என்ற கேள்வியும் பதிலும் வரைவுக்குள்ளேயே விழும். அதற்காக மைக்கை அணைக்க வேண்டாம், குறிச்சொல்லைச் சொல்லிவிட்டுத் தொடருங்கள். அந்த வயதில் பிள்ளை ஓடியாடும் நேரத்தைவிட, தனியாகச் சொப்பு வைத்து விளையாடும் பத்து நிமிடம்தான் கைகொடுக்கும்.

பகல் தூக்கத்தைச் சொல்வதற்குச் செலவழிக்காதீர்கள், திருத்துவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றிலிருந்து இரண்டு வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் அதே 2019 அறிக்கை. அதில் பகலுக்கு எவ்வளவு வரும் என்பது குழந்தைக்குக் குழந்தை மாறும், ஒரே குழந்தைக்கே நாளுக்கு நாள் மாறும். முழுத் தூக்கத்தையும் நம்பித் திட்டமிட்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும். 20 நிமிடத்தில் முடியும் வேலையாக ஒரு பக்கத்தை மட்டும் எடுங்கள்: முதலில் குறிச்சொல், பிறகு ‘க்கு’, கடைசியில் நிறுத்தக்குறி. விழித்துக்கொண்டாலும் ஒரு பக்கம் முடிந்திருக்கும்.

திருத்தத்துக்குக் குரலைப் பயன்படுத்த வேண்டாம். செல்லினம் போன்ற தமிழ்த் தட்டச்சுச் செயலியில் கிடைக்கும் தமிழ்99 என்ற கீபோர்டு அமைப்பைக் கற்றுக்கொள்வது பயனுள்ள முதலீடு. 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம் என 31 விசைகளில் தமிழ் முழுவதும் அடங்கிவிடும். ‘க’வை இரண்டு தடவை தட்டினால் ‘க்க’ வரும், ‘ந’வை அடுத்து ‘த’ தட்டினால் புள்ளி தானாக விழுந்து ‘ந்த’ ஆகும். ஒற்றைக் கட்டைவிரலால் தட்டுபவருக்கு இப்படி மிச்சமாகும் தட்டல்கள் நிறைய.

நள்ளிரவுப் பாலூட்டலுக்கு மட்டும் ஜிபோர்டு சரியான தேர்வல்ல. திரை எரிந்துகொண்டிருக்க வேண்டும், இருட்டறையில் அந்த வெளிச்சமே குழந்தையின் தூக்கத்தைக் கலைக்கும். போனிலுள்ள சாதாரண ஒலிப்பதிவுச் செயலியைத் தொடங்கிவிட்டுத் திரையை அணைத்துக் கவிழ்த்து வையுங்கள். பதிவு தொடரும், கிசுகிசுத்தால்கூட மறுநாள் உங்கள் காதுக்குப் புரியும். ஒரு பதிவை மூன்று நிமிடத்துக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். நீளமான பதிவைக் கேட்டு எழுத உட்கார யாருக்கும் மனம் வருவதில்லை. பதிவு முடிந்ததும் கோப்புக்கு ‘அத்தை வீட்டுக்கு வருகிறாள்’ என்பதுபோல நாலு சொல்லில் பெயரிடுங்கள். தேதியும் எண்ணுமாக நாற்பது கோப்புகள் சேர்ந்துவிட்டால் எதில் என்ன இருக்கிறது என்று தேடவே ஒரு பகல் தூக்கம் போய்விடும்.