சுங்கை சிப்புட்டில் ஒரே பந்தி: ஒரு விருந்துச் சமையல் சேவையைப் பற்றி

கடந்த சனவரியில், கிறிஸ்தவ ஒன்றிப்புக்கான மன்றாட்டு வாரத்தின் நிறைவு நாளன்று, மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டின் நான்கு சபைகளும் சேர்ந்து மதிய விருந்து வைத்தன. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை நடத்தும் அக்கா ஒருவரிடம் சமையலை ஒப்படைத்திருந்தோம். 180 பேருக்கு, தலைக்கு 15 ரிங்கிட் என்று பேச்சு. உணவின் சுவையைச் சொல்ல நான்கு வரி போதும். அவர் பரிமாறிய முறைக்கு நன்றி சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

1908-இல் அமெரிக்காவில் பால் வாட்சன் என்னும் குரு தொடங்கிய இந்த மன்றாட்டு வாரம், சனவரி 18 முதல் பவுலடியாரின் மனமாற்றத்தை நினைவுகூரும் 25 வரை நடைபெறுகிறது. கத்தோலிக்கரும் தமிழ் மெதடிஸ்டுகளும் லூத்தரன் சபையாரும் சீன மெதடிஸ்டுகளும் எங்கள் விருந்துக்கு வந்திருந்தார்கள்; மலையடிவாரக் கிராமங்களிலிருந்து தெமியார் என்னும் பழங்குடிக் குடும்பங்களும், இங்கு வேலை பார்க்கும் சரவாக் மாநிலத்தின் ஈபான் இன ஆசிரியர்கள் சிலரும் வந்திருந்தார்கள்.

என் பாட்டி ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அவர் காலத்துத் தோட்டத்துச் சிற்றாலயத்தில் தோட்டத்து எழுத்தரான கிராணியின் வீட்டாருக்கு முன்வரிசை நாற்காலிகளும், தொழிலாளர் குடியிருப்பான லயத்துச் சனங்களுக்குப் பின்னால் பாயும் போடுவார்கள். திருவிழா விருந்தில் முன்வரிசையார் உண்டு எழுந்த பிறகே பாட்டியின் வரிசைக்குச் சோறு வரும். அதற்குள் இறைச்சி தீர்ந்துவிட்டிருக்கும். சாதியின் பெயரை யாரும் உரக்கச் சொன்னதில்லையாம். யார் எந்தப் பாயில் அமர வேண்டும் என்பது மட்டும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 11-ஆம் அதிகாரத்தில் கண்டிப்பதும் இதே குற்றத்தைத்தான். வசதியுள்ளோர் முந்திக்கொண்டு உண்ண, இல்லாதோர் பசியோடு இருந்த அந்தச் சபையை, உண்ணக் கூடும்போது ஒருவருக்காக ஒருவர் காத்திருக்கும்படி அவர் பணிக்கிறார். அந்தப் பகுதி வாசிக்கப்படும்போதெல்லாம் எனக்குப் பாட்டியின் நினைவு வரும்.

விருந்துக்கு மூன்று வாரங்களுக்கு முன்பே அக்கா எங்களைத் தேடி வந்து, யார் யார் எதை உண்பார்கள், எதைத் தொடமாட்டார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். பல தமிழ்க் குடும்பங்கள் மாட்டிறைச்சி உண்பதில்லை என்பது அவருக்குத் தெரியும். தெமியார் குடும்பங்களுக்கு மரவள்ளிக்கிழங்கு பிடிக்கும் என்பதை அவரே விசாரித்து அறிந்திருந்தார். எங்கள் ஏற்பாட்டுக் குழுவினரோ, குருவுக்கும் போதகர்களுக்கும் சபைப் பெரியவர்களுக்கும் தனி மேசையும் பீங்கான் தட்டுகளும் வேண்டும் என்றார்கள். மரியாதைக்காகச் சொன்னார்களே தவிர, அதில் தீய எண்ணம் எதுவும் இல்லை. அக்கா தயங்காமல், “ஐயா, அம்மன் கோயில் அன்னதானத்துக்கே நான் எல்லாருக்கும் ஒரே இலைதான் போடுறேன். உங்க சாமி வீட்டு விருந்துல மட்டும் ரெண்டு விதமாப் போட எனக்கு மனசு வராது” என்றார். ஒரு இந்துப் பெண்மணி பவுலடியாரின் கண்டிப்பை இவ்வளவு எளிமையாக எங்களுக்கு எடுத்துச் சொல்வார் என்று நான் எதிர்பார்த்திருக்கவில்லை. குழுவினர் உடனே ஏற்றுக்கொண்டதற்காக அவர்களுக்கும் நன்றி சொல்கிறேன்.

அன்று மண்டபத்தில் நீண்ட மேசைகளை வரிசையாகப் போட்டு, எல்லாருக்கும் ஒரே நேரத்தில் இலை விரித்தார்கள். கடைசி இலையிலும் சோறு விழும்வரை யாரும் கை வைக்கவில்லை. உண்பதற்கு முன் ஆண்டவர் கற்பித்த செபத்தைச் சொன்னோம். கத்தோலிக்கர் “விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே” என்றும், மெதடிஸ்டுகளும் லூத்தரன் சபையாரும் “பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே” என்றும் தொடங்க, தெமியாரும் ஈபான் ஆசிரியர்களும் மலாயிலும், சீனச் சபையார் மாண்டரினிலும் சொன்னார்கள். சொற்கள் ஒன்றோடொன்று மோதின. ஆமென் மட்டும் ஏறக்குறைய ஒன்றாக வந்தது. என் எதிரே ஓய்வுபெற்ற கிராணி ஒருவரும் அவருக்குப் பக்கத்தில் பால்வெட்டுத் தொழிலாளி ஒருவரும் அமர்ந்திருந்தார்கள். அந்தப் பெரியவர் தம் இலையிலிருந்த அப்பளத்தை எடுத்துத் தொழிலாளியின் இலையில் வைத்ததைக் கண்டபோது எனக்குக் கண் கலங்கியது.

கோழிப் பிரட்டல் காரமும் பதமும் சரியாக அமைந்திருந்தது. நெத்திலிச் சம்பலை ஈபான் ஆசிரியர்கள் மூன்று முறை கேட்டு வாங்கினார்கள். தேங்காய்ப் பூ தூவிய மரவள்ளிக்கிழங்கு முதலில் தீர்ந்தது, அதுவும் தமிழர் பக்கத்திலேயே. ரசத்தைத் தம்ளரில் வாங்கிக் குடித்த சீன மூதாட்டி ஒருவர் செய்முறையை எழுதி வாங்கிச் சென்றார். பாயசத்தில் இனிப்பு சற்று மிகுதி. பரிமாற ஆறு பேர் மட்டுமே இருந்ததால் மறுசோறு வரத் தாமதமானது. 180 பேருக்குப் பத்துப் பேராவது வேண்டும். இதை அக்காவிடமே சொன்னோம், ஒப்புக்கொண்டார்.

பெரிய விருந்து என்றால் மூன்று வாரங்களுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். முன்பணமாகப் பாதித் தொகை கேட்பார். வரும் சனவரிக்கும் அவரிடமே கட்டிவிட்டோம். மரவள்ளிக்கிழங்கு மட்டும் இரண்டு மடங்கு வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறோம்.