காத்திருப்போர் பட்டியலும் கைப்பேசி வினாப்பட்டியலும்: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

திட்டமிட்ட அறுவை சிகிச்சைகளுக்குக் காத்திருப்போரின் பட்டியலைப் பராமரிக்கும் பிரிவில் வேலை பார்ப்பவன் நான். முன்பு இதற்குப் பதிவேடும் தொலைபேசியும்தான் துணை. ஒருவரைப் பட்டியலில் சேர்த்த நாளுக்கும் அவருக்குத் தேதி கொடுக்கும் நாளுக்கும் இடையில் அவர் எப்படி இருக்கிறார் என்பதை அறிய எங்களிடம் வழியே இருந்ததில்லை. சில ஆண்டுகளாக, பட்டியலில் இருப்பவர்களுக்குக் குறிப்பிட்ட இடைவெளியில் குறுஞ்செய்தியில் ஓர் இணைப்பை அனுப்பி, கைப்பேசியிலேயே நிரப்பக்கூடிய வினாப்பட்டியல் மூலம் அவர்கள் நிலையைக் கேட்டறிந்து வருகிறோம். இந்த வகை மென்பொருள்கள் அடிப்படையில் ஒன்றுபோலவே இயங்குவதால், நாங்கள் பயன்படுத்துவது எந்த நிறுவனத்துடையது என்பது இங்கே முக்கியமில்லை. வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வரிசையில் யார் எந்த நிலையில் நிற்கிறார் என்பதை இந்தக் கருவி காட்டும், அவ்வளவுதான். காட்டியதைப் பார்த்து நடவடிக்கை எடுக்க ஆள் இல்லாவிட்டால் வாங்காமல் இருப்பதே நல்லது.

விரைவாகப் பலன் தெரிந்த இடம், பட்டியலைச் சரிபார்க்கும் வேலை. வேறு மருத்துவமனையில் அறுவை சிகிச்சையை முடித்துக்கொண்டவர்கள், குடிமாறிப் போனவர்கள், ஒரே தொல்லைக்கு இரண்டு பிரிவுகளில் பதிந்திருப்பவர்கள் என்று எந்தப் பட்டியலிலும் ஒரு பகுதி வெறும் பெயர்களாகவே நின்றுகொண்டிருக்கும். இங்கிலாந்தில் 2023 செப்டம்பரில் காத்திருப்போர் பட்டியல் 77 லட்சத்தைத் தாண்டியது என்று செய்தி வந்தபோது, அது காத்திருக்கும் சிகிச்சைகளின் எண்ணிக்கை என்பதும், ஆட்கள் ஏறத்தாழ 65 லட்சம் பேர்தான் என்பதும் பலருடைய கண்ணில் படவில்லை. பட்டியல் நீளமாகத் தெரிவதற்கும் தேவை அதிகமாக இருப்பதற்கும் இடையே உள்ள இந்த இடைவெளியை ஒரு எளிய கேள்வியே ஓரளவு நிரப்பிவிடுகிறது. இறந்தவர்களின் பெயரும் பட்டியலில் தங்கிவிடுவது உண்டு. அந்தக் குடும்பத்துக்கு “உங்கள் உடல்நிலை இப்போது எப்படி இருக்கிறது?” என்று குறுஞ்செய்தி போவதைவிட மோசமானது எதுவும் இல்லை என்பதால், ஒவ்வொரு முறையும் அனுப்புவதற்கு முன் இறப்புப் பதிவுகளுடன் ஒப்பிட்டுக்கொள்வதைக் கட்டாயமாக்கியிருக்கிறோம்.

அந்த எளிய கேள்வியை எப்படிக் கேட்பது என்பது அவ்வளவு எளிதாக இல்லை. “உங்களுக்கு இன்னும் அறுவை சிகிச்சை தேவையா?” என்று கேட்டு ஆம், இல்லை என்ற இரண்டு விடைகளை மட்டும் கொடுத்தபோது, இடம் பறிபோய்விடுமோ என்ற பயத்தில் அநேகமாக எல்லாருமே ஆம் என்றார்கள், தயக்கத்தில் இருந்தவர்கள் பதிலே அனுப்பவில்லை. “இப்போது வேண்டாம், பிறகு வேண்டும்” என்பதையும் “மருத்துவரிடம் பேசிவிட்டு முடிவு செய்கிறேன்” என்பதையும் சேர்த்த பிறகுதான் உண்மையான விடைகள் வரத் தொடங்கின. இல்லை என்று குறித்தவரையும்கூட ஒரு தொலைபேசி அழைப்பு இல்லாமல் பட்டியலிலிருந்து எடுப்பதில்லை. கை தவறிக் குறித்தவர்களும், அறுவை என்ற சொல்லுக்கு அஞ்சிக் குறித்தவர்களும், ஒரு வாரம் வலி தணிந்திருந்த தெம்பில் குறித்தவர்களும் அதில் இருந்தார்கள்.

அடுத்தது மதிப்பெண்கள். முழங்கால் மாற்று சிகிச்சைக்குக் காத்திருப்பவர்களிடம் நாங்கள் கேட்பது 1998-இல் வெளியான ஆக்ஸ்ஃபோர்டு முழங்கால் மதிப்பீடு. கடந்த நான்கு வாரங்களைப் பற்றிய 12 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 48. இதில் 48 எடுத்தவர் நன்றாக இருக்கிறார் என்று பொருள். புராஸ்டேட் தொல்லைக்குக் காத்திருப்பவர்களிடம் கேட்கும் சர்வதேச புராஸ்டேட் அறிகுறி மதிப்பீட்டிலோ ஏழு கேள்விகளுக்கு மொத்தம் 35, அங்கே 20-ஐ எட்டினாலே கடுமையான நிலை. அதாவது ஒன்றில் எண் ஏறினால் நல்லது, மற்றொன்றில் எண் ஏறினால் கெட்டது. போதாக்குறைக்கு, முழங்கால் மதிப்பீடே முதலில் 12 முதல் 60 வரை தலைகீழாகக் கணக்கிடப்பட்டு, 2007-க்குப் பிறகுதான் இன்றைய முறைக்கு மாறியது என்பதால், பழைய கோப்புகளில் இருக்கும் எண்ணைப் புதிய எண்ணோடு நேரடியாக ஒப்பிடவும் முடியாது. எல்லாப் பிரிவுகளையும் ஒரே திரையில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று காட்டும் வசதியை விற்பனையாளர்கள் பெருமையாகக் காட்டுவார்கள். அந்த நிறங்களுக்குப் பின்னால் எந்த மதிப்பீடு எந்தத் திசையில் ஓடுகிறது என்பதை ஒவ்வொன்றாகச் சரிபார்க்காமல் நம்பக் கூடாது.

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. இந்த மதிப்பீடுகள் பெரும்பாலும் அறுவைக்கு முன்னும் பின்னும் நோயாளிக்கு எவ்வளவு முன்னேற்றம் என்று அளக்க உருவானவை. இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு 2009 ஏப்ரலில் இடுப்பு, முழங்கால், குடலிறக்கம், கால் நரம்புச் சுருள் ஆகிய நான்கு அறுவைகளுக்கு நாடளவில் இவ்வகைக் கேள்விகளைக் கேட்கத் தொடங்கியதும் அதற்காகத்தான். யாரை முதலில் கூப்பிடுவது என்று முடிவு செய்ய அவற்றைப் பயன்படுத்தும்போது, கருவியை அதன் நோக்கத்துக்கு அப்பால் இழுக்கிறோம். ஓர் உதாரணம். முழங்கால் வலியுடன் காத்திருந்த ஒரு பெண்மணியின் மதிப்பெண் இரண்டாம் முறை கணிசமாகக் கூடியிருந்தது, அதாவது அவர் தேறிவிட்டதாகத் திரை சொன்னது. கடைசியில் இருந்த “வேறு ஏதேனும் சொல்ல விரும்புகிறீர்களா?” என்ற பெட்டியில் அவர் எழுதியிருந்தது: “மாடிக்குப் போவதை விட்டுவிட்டேன், கீழேயே படுத்துக்கொள்கிறேன், அதனால் வலி பரவாயில்லை.” வாழ்க்கையைச் சுருக்கிக்கொண்டு வலியைக் குறைத்துக்கொண்டவருக்கு இந்த மதிப்பெண் முறை பின்வரிசையைத் தண்டனையாகக் கொடுத்திருக்கும். அன்றிலிருந்து, எண் நன்றாக முன்னேறியிருந்தாலும் அந்தப் பெட்டியில் ஏதாவது எழுதியிருந்தால் அதை ஒரு செவிலியர் படித்தாக வேண்டும் என்பது எங்கள் விதி. என்னைக் கேட்டால், முழு வினாப்பட்டியலிலும் அதிகத் தகவல் தருவது அந்த ஒரு பெட்டிதான். எந்த வரைபடத்திலும் ஏறாததும் அதுதான்.

பதில் வராதவர்களைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது. மென்பொருளின் இயல்பான ஏற்பாட்டில், இரண்டு நினைவூட்டல்களுக்குப் பிறகும் நிரப்பாதவர் “ஆர்வமில்லை” என்ற தலைப்பின் கீழ்ப் போய்விடுகிறார். அவரைப் பட்டியலிலிருந்து நீக்கும் பொத்தானும் பக்கத்திலேயே இருக்கும். அந்தத் தலைப்பின் கீழ் விழுந்தவர்களை அழைத்துப் பார்த்தால் காரணங்கள் வேறு கதை சொல்கின்றன. எண் மகனுடையது, மகன் வேலையில் இருக்கிறார். இணைப்பைத் தொட்டால் பணம் போய்விடும் என்று பயம். பிறந்த தேதியைக் கேட்டதும் ஏமாற்று வேலை என்று மூடிவிட்டார். மருத்துவமனையில் எழுதியிருக்கும் பிறந்த தேதி உண்மையான தேதியே இல்லை. இவர்களில் பலர், வினாப்பட்டியலை ஐந்து நிமிடத்தில் நிரப்பி அனுப்புகிறவர்களைவிட மோசமான நிலையில் இருப்பவர்கள். கண்புரைப் பிரிவில் இந்த முரண் இன்னும் கூர்மையானது. கேட்க்வெஸ்ட்-9எஸ்எஃப் என்ற கண்புரை வினாப்பட்டியல், செய்தித்தாளின் எழுத்துகளைப் படிக்க முடிகிறதா, எதிரில் வருபவரின் முகம் தெரிகிறதா என்றெல்லாம் கேட்கும். அதையே உள்ளங்கை அகலத் திரையில் பொடி எழுத்தில் அனுப்பினால், கேள்விக்கு மிக முக்கியமான விடையை வைத்திருப்பவரே கேள்வியைப் படிக்க முடியாமல் போகிறார்.

ஆகவே நாங்கள் அந்தப் பட்டியலைத் தலைகீழாக்கினோம். பதில் வராதவர்கள் தினமும் காலையில் தொலைபேசியில் அழைக்க வேண்டிய பெயர்களாக மேலே வருகிறார்கள். பதில் அனுப்பியவர்கள் அவர்களுக்குப் பிறகு. இணையவழி நிரப்புதலால் மிச்சமான நேரம் முழுவதும் இதற்கே போகிறது என்பதால், பணியாளர்களைக் குறைக்கலாம் என்ற எண்ணத்தோடு வாங்கும் நிர்வாகங்கள் ஏமாந்துபோகும். வேலை குறையவில்லை, வேண்டியவர்கள் பக்கம் திரும்பியிருக்கிறது.

வேறொருவர் நிரப்பிக் கொடுப்பதையும் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டியதில்லை. “இதை நிரப்புவது யார்?” என்ற கேள்வியை முதலில் வைத்தால் போதும். நடப்பது, படியேறுவது போலக் கண்ணுக்குத் தெரியும் விஷயங்களில் குடும்பத்தாரின் விடையும் நோயாளியின் விடையும் ஓரளவு ஒத்துப்போகும். வலி, மனச்சோர்வு ஆகியவற்றில் அவ்வளவாக ஒத்துப்போகாது. மகளோ மருமகனோ நிரப்பியது என்று தெரிந்தால் அந்தப் பகுதிகளை மட்டும் அழைத்துக் கேட்டுக்கொள்கிறோம்.

ஒரு விஷயத்தில் நான் பிடிவாதக்காரன்: யாரும் பார்க்காத நேரத்தில் வரக்கூடிய அபாய விடைக்கான கேள்வியைக் கேட்கவே கூடாது. நீண்ட காத்திருப்பு மனதையும் பாதிக்கும் என்பதால் பிஎச்கியூ-9 என்ற மனச்சோர்வு வினாப்பட்டியலைச் சேர்க்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. அதன் ஒன்பதாவது கேள்வி தற்கொலை எண்ணத்தைப் பற்றியது. நள்ளிரவில் ஒருவர் அதற்கு “அநேகமாகத் தினமும்” என்று குறித்தால், அடுத்த வேலை நாள் காலைவரை அந்த விடை யாருடைய பொறுப்பு? இரவிலும் பார்க்கும் ஆள் ஏற்பாடாகாதவரை அதைச் சேர்க்க முடியாது என்று நின்றோம். முதுகெலும்பு அறுவைக்குக் காத்திருப்போரிடம் வேறு வழியைக் கையாள்கிறோம். சிறுநீர் வெளியேறுவதில் தடை, உட்காரும் பகுதியில் மரத்துப்போதல் ஆகியவற்றில் ஒன்றைக் குறித்தாலும், படிவம் அங்கேயே நின்று, காத்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லும்படி திரையிலேயே பெரிய எழுத்தில் சொல்லிவிடும். எங்கள் பணியாளர் அதைப் பார்த்தாரா இல்லையா என்பதைச் சார்ந்து அந்த அறிவுறுத்தல் இருக்கவில்லை.

மொழிபெயர்ப்பைப் பொறுத்தவரை, அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீடுகளின் சொற்களை நம் விருப்பப்படி மாற்ற உரிமம் அனுமதிக்காது. கேள்வி புரியவில்லை என்று நோயாளிகள் சொன்னாலும், விளக்கத்தைத் தனியாகத்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது. எத்தனை முறை அனுப்புவது என்பதில், மாதம் ஒருமுறை அனுப்பியபோது சலிப்பில் எல்லாக் கேள்விக்கும் நடு விடையைக் குறித்துத் தள்ளினார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்றான பின் விடைகளில் உயிர் வந்தது.

எதிர்பாராத லாபம் ஒன்றும் கிடைத்தது. “குறுகிய அவகாசத்தில் அழைத்தால் வர முடியுமா?” என்ற ஒரே கேள்வியால், யாராவது காய்ச்சலென்று கடைசி நேரத்தில் தேதியை விட்டபோது அந்த அறுவை அரங்கின் நேரம் வீணாகாமல் அடுத்தவருக்குப் போகத் தொடங்கியது. இரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை எடுப்பவர்களையும் முன்கூட்டியே கண்டுபிடித்து, அறுவை நாளன்று திருப்பி அனுப்பும் நிலையைத் தவிர்க்கிறோம். செலவை நியாயப்படுத்த வேண்டிய இடங்களில் நிர்வாகம் முதலில் எடுத்துக்காட்டுவது இந்த இரண்டையும்தான்.

நோயாளிகள் அதிகம் கேட்கும் வசதி ஒன்றை நாங்கள் இன்னும் திறக்கவில்லை: வரிசையில் தங்கள் இடம் எத்தனையாவது என்று காட்டுவது. மென்பொருளில் அது உண்டு. ஆனால் எங்கள் வரிசை தேதிப்படி மட்டும் நகர்வதில்லை. நேற்று 40-ஆவதாக இருந்தவர், இன்று வேறொருவரின் நிலை மோசமானதால் 41-ஆவதாகலாம், அதற்கான காரணத்தை இன்னொரு நோயாளியின் அந்தரங்கத்தைத் தொடாமல் அவருக்கு விளக்க முடியாது. அதற்குப் பதிலாக, படிவத்தை அனுப்பியதும் வெறும் நன்றி காட்டிக்கொண்டிருந்த பக்கத்தில், அவருடைய விடையை யார் எத்தனை வேலை நாட்களுக்குள் படிப்பார், அதற்குள் நிலை மோசமானால் எந்த எண்ணை அழைப்பது என்பதை எழுதி வைத்திருக்கிறோம். “என் படிவம் வந்து சேர்ந்ததா?” என்று கேட்டு வரும் அழைப்புகள் அதன் பிறகு வெகுவாகக் குறைந்துவிட்டன.