செம்மண் மேட்டுக்கு எது: மின்சார வண்டியா, கேஎல்எக்ஸ் 150-ஆ?

ராத்திரி மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில் செம்பனைத் தோட்டத்து மேட்டில் இரண்டையும் ஏற்றிப் பார்த்தவர்களுக்குத்தான் இந்த வித்தியாசம் புரியும். என்னிடம் இரண்டு வருடமாக இரண்டுமே இருக்கின்றன. ஒன்று கவாசாகி கேஎல்எக்ஸ் 150, காட்டுப்பாதைக்கான பெட்ரோல் மோட்டார் சைக்கிள். மற்றது, சர்ரோன் லைட் பீ என்ற மின்சார மோட்டார் சைக்கிள் பிரபலமான பிறகு அதே அளவில் சீனாவிலிருந்து வந்த மின்சார வண்டிகளில் ஒன்று. அதன் கோளாறு ஒன்றைக் கீழே சொல்லப் போகிறேன், அதனால் பெயர் வேண்டாம். பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் எனக்கு மின்சுற்று வேலை, ஆகவே முதலில் கணக்கு.

மின்சார வண்டியின் பேட்டரி 60 வோல்ட், 40 ஆம்பியர் மணி. பெருக்கினால் 2.4 கிலோவாட் மணி. கேஎல்எக்ஸ் டாங்கி ஏறக்குறைய 7 லிட்டர் பிடிக்கும், ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 9 கிலோவாட் மணி சக்தி இருக்கிறது. எஞ்சின் அதில் முக்கால்வாசியைச் சூடாகவே வெளியே விட்டாலும் சக்கரத்துக்குப் பதினைந்து கிலோவாட் மணி வரை வந்து சேரும். மின்சார வண்டி வீணாக்குவது கொஞ்சம்தான், ஆனால் கையிருப்பே அவ்வளவுதான். 6 கிலோவாட்டில் முறுக்கிக்கொண்டே போனால் 24 நிமிடத்தில் காலி. மேடும் பள்ளமுமாக நிதானமாக ஓட்டினால் எனக்கு ஒன்றரை மணி நேரம் தாங்குகிறது, சில நாள் இரண்டு.

சரி, அப்படியென்றால் அதை எதற்கு வைத்திருக்கிறேன்? மேட்டுக்காக.

கேஎல்எக்ஸின் முழு இழுவிசை எஞ்சின் நிமிடத்துக்கு ஆறாயிரம் சுற்றுக்கு மேல் போனால்தான் கிடைக்கும். ஈரச் செம்மண்ணில் மெதுவாக ஏற வேண்டிய இடத்தில் சுற்றையும் விடக்கூடாது, கிளட்சையும் பாதி பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும், கை கொஞ்சம் பிசகினால் பின் சக்கரம் இருந்த இடத்திலேயே சுழன்று குழி தோண்டும். மின்சார மோட்டாருக்கு நின்ற நிலையிலேயே முழு இழுவிசை, கிளட்சும் கிடையாது, ஆக்சிலேட்டரை ஒரு நூல் அளவு திருப்பினால் சக்கரமும் ஒரு நூல் அளவுதான் நகரும். அதைவிடப் பெரிய விஷயம் சத்தம். எஞ்சின் இரைச்சல் இல்லாததால் டயர் பிடி விடும் ஓசை காதில் விழுகிறது, காய்ந்த செம்பனை ஓலை சக்கரத்துக்கு அடியில் கிழிபடுவதுபோல ஒரு சர்ரென்ற ஓசை, அது கேட்டவுடன் கையைத் தளர்த்தினால் வண்டி நேராகிவிடும். இதைக் கேட்கப் பழகிய பிறகு கேஎல்எக்ஸில் ஏறினால் காதை அடைத்துக்கொண்டு ஓட்டுவதுபோல இருக்கிறது. எடையும் அப்படித்தான். கேஎல்எக்ஸ் 118 கிலோ, இது அதில் பாதி. சேற்றில் சாய்ந்தால் தனியாளாகத் தூக்கி நிறுத்திவிடலாம்.

மின்சார வண்டியில் தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளைத் தாண்டிப் போகும்போது நாய்கூட எழுந்திருக்காது. நிர்வாகத்திடம் அனுமதி கேட்டுத்தான் போகிறேன், ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே தூங்குகிறவர்களை எழுப்பாமல் போவது எனக்கு முக்கியம்.

மின்சார வண்டியின் எதிரி சூடு. செங்குத்து மேட்டில் மெதுவாக ஏறும்போது மோட்டார் கம்பிச் சுருளில் மின்னோட்டம் எகிறும், மின்னோட்டம் இரட்டித்தால் சூடு நான்கு மடங்காகும், அந்த வேகத்தில் காற்றும் படாது. நம் ஊர் வெயிலில் மூன்றாவது முறை ஏறும்போதே, மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கண்ட்ரோலர் சக்தியைக் குறைத்துவிடுகிறது. குறைப்பது நல்லதுக்குத்தான், அதிகச் சூட்டில் மோட்டாரின் காந்தம் வலுவிழந்தால் திரும்ப வராது. இறக்கத்தில் இன்னொன்று: மோட்டார் பிரேக் என்பது இறக்கத்தில் மோட்டாரே மின்சாரம் தயாரித்து பேட்டரிக்கு அனுப்பி வேகத்தைக் குறைப்பது, பேட்டரி முழுதாக நிரம்பியிருந்தால் அது வேலை செய்யாது, திரும்பி வரும் மின்சாரத்துக்குப் போக இடம் இல்லை. மேட்டின் மேலிருந்து கிளம்புகிறவர்கள் சார்ஜை 90 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இப்போது கோளாறு. நிபோங் திபால் பக்கம் ஒரு வாய்க்காலைக் கடந்த பிறகு வண்டி அப்படியே நின்றுவிட்டது. திரையில் 70 சதவீதம் காட்டுகிறது, ஆக்சிலேட்டரைத் திருப்பினால் எதுவும் இல்லை. இரண்டு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு வந்தேன். கடையில் கண்ட்ரோலரையே மாற்ற வேண்டும் என்றார்கள். மனசு கேட்கவில்லை, வீட்டில் மல்டிமீட்டரை வைத்து ஒவ்வொரு வயராகப் பார்த்தேன். பிரேக் பிடியில் குண்டூசித் தலை அளவு ஒரு சுவிட்ச், பிரேக் பிடித்தால் மோட்டாரை நிறுத்தச் சொல்வது, அதற்குள் சேற்றுத் தண்ணீர். பிரேக் பிடித்தபடியே இருப்பதாக கண்ட்ரோலர் நினைத்துக்கொண்டிருந்தது. துடைத்து, காயவைத்து, கிரீஸ் வைத்து மூடினேன், செலவு ஐந்து ரிங்கிட்கூட இல்லை. கேஎல்எக்ஸ் நின்றால் எந்தச் சின்ன ஊரிலும் பிளக்கைக் கழற்றிப் பார்க்க ஓர் ஆள் இருப்பார். இதற்கு அப்படி யாரும் இல்லை. அதை யோசித்துத்தான் வாங்க வேண்டும்.

அப்புறம் சாலை. கேஎல்எக்ஸுக்கு நம்பர் பிளேட் இருக்கிறது, ரோட்டேக்ஸ் இருக்கிறது. தீவிலிருந்து பினாங்குப் பாலத்தில் ஓட்டிக்கொண்டே போகலாம், மோட்டார் சைக்கிளுக்கு 2019 ஜனவரி 1 முதல் டோல்கூட இல்லை. என் மின்சார வண்டி சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயில் பதிவு செய்யாதது, பொதுச்சாலையில் சக்கரம் படக்கூடாது. ஒவ்வொரு முறையும் நண்பரின் பிக்-அப்பில் ஏற்றிப் பாலம் தாண்டுகிறேன். பெட்ரோல் செலவை மிச்சப்படுத்த இதை வாங்குகிறேன் என்று சொல்பவர்கள் அந்த பிக்-அப் குடிக்கும் டீசலையும் சேர்த்துக்கொள்ளட்டும்.

சார்ஜ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 10 ஆம்பியர் சார்ஜரில் நான்கு மணி நேரம். ஓட்டி வந்த சூட்டோடு செருகாதீர்கள், ஓட்டாத வாரங்களில் பாதி அளவில் வையுங்கள், வெளியே போகும்போதும் தூங்கும்போதும் சார்ஜில் விடாதீர்கள்.

போன மாதம் என் அத்தை மகன் எதை வாங்கலாம் என்று கேட்டான். சுங்கை ஆராவில் பதினான்காவது மாடியில் வீடு, பிக்-அப் இல்லை, அவன் ஓட்ட நினைக்கும் பாதை கூலிம் பக்கம். கேஎல்எக்ஸ் வாங்கச் சொன்னேன். என் மின்சார வண்டியை ஒரு ஞாயிறு அவனிடம் கொடுத்தேன், மேட்டில் ஏறி இறங்கி வந்தவன் ஹெல்மெட்டைக் கழற்றாமலே, "அண்ணே, இன்னொரு தடவை" என்றான். அப்போதும் கேஎல்எக்ஸ்தான் என்றேன்.