தொட்டிக்குள் ஆள் மயங்கினால்: முக்காலியா, சிலிண்டரா, 101-ஆ?

கழிவுநீர்த் தொட்டி விபத்துச் செய்திகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். ஒருவர் இறங்கி மயங்குவார். அவரைத் தூக்க இன்னொருவர் குதிப்பார், அவர் பின்னால் மூன்றாமவர். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் 1986-லேயே கணக்கிட்டுச் சொன்னது: இத்தகைய இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்கள். ஆகவே ஆளை இறக்கும் முன்பே, மயங்கினால் எப்படி வெளியே எடுப்பது என்று முடிவு செய்துவிட வேண்டும். அதற்கான மூன்று வழிகளை இங்கே ஒப்பிடுகிறேன்.

செப்டிக் டேங்க், பாதாளச் சாக்கடை என்றால் இந்த ஒப்பீட்டுக்கே போக வேண்டாம். உறிஞ்சும் லாரி இருக்கிறது, ஜெட் மெஷின் இருக்கிறது, கேரளத்தில் உருவான பேண்டிகூட் ரோபோவும் இருக்கிறது. பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டின் கையால் மலம் அள்ளும் தொழில் தடைச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நான் பேசுவது சாயப்பட்டறை, தோல் தொழிற்சாலை போன்ற இடங்களின் கழிவுத் தொட்டிகளைப் பற்றி. அங்கே பம்ப் மாற்ற, பைப் வெல்டிங் செய்ய என்று யாராவது இறங்கித்தான் ஆக வேண்டிய நாட்கள் வரும்.

முதல் வழி முக்காலியும் வின்ச்சும் (கைப்பிடியைச் சுற்றிக் கயிற்றை இழுக்கும் கருவி). தொட்டி வாயின் மேல் மூன்று கால் நிற்கும். இறங்குபவர் உடம்பில் கட்டிய ஹார்னஸ் பட்டையில் கம்பிக் கயிறு மாட்டியிருக்கும். அவர் சாய்ந்தால் மேலே நிற்பவர் கைப்பிடியைச் சுற்றித் தூக்குவார். வேறு யாரும் இறங்க வேண்டாம். வெறும் கயிற்றால் தூக்கலாமே என்பார்கள். நனைந்த உடையோடு துவண்டு கிடக்கும் ஆளை நாலு மீட்டர் ஆழத்திலிருந்து இழுக்க மூன்று நான்கு பேர் வேண்டும், அத்தனை பேரும் வாயருகே குனிந்து அதே காற்றைச் சுவாசிப்பார்கள். அமெரிக்க விதி ஐந்து அடிக்கு மேல் ஆழமான செங்குத்துத் தொட்டிக்கு இயந்திரத் தூக்கியைக் கட்டாயமாக்கியது சும்மா இல்லை.

இதில் பலர் கோட்டை விடுவது பெல்ட்டில். இடுப்பில் மட்டும் கட்டும் பழைய பெல்ட்டில் தூக்கினால் ஆள் இரண்டாக மடங்குவார், மடங்கிய உடம்பு மேன்ஹோல் வாயில் சிக்கும். உடம்பு முழுவதையும் பிடிக்கும் ஹார்னஸ் வேண்டும், கொக்கி முதுகுப்புறத்திலோ தோளிலோ இருக்க வேண்டும். முக்காலிக்கும் எல்லை உண்டு. உள்ளே கலக்கி, தடுப்புச் சுவர், குறுக்குக் குழாய் இருந்தால் கயிறு மாட்டிக்கொள்ளும். பக்கவாட்டில் நுழையும் தொட்டிக்கும் அது அவ்வளவாக உதவாது.

இரண்டாவது வழி, முதுகில் காற்றுச் சிலிண்டர் மாட்டிய மீட்பாளர் உள்ளே போவது. கயிறு எட்டாத இடத்துக்கு இதை விட்டால் வழியில்லை. ஆனால் 6 லிட்டர் கொள்ளளவில் 300 பார் அழுத்தத்தில் அடைத்த சிலிண்டரில் ஏறத்தாழ 1,800 லிட்டர் காற்று. நிமிடத்துக்கு 40 லிட்டர் என்று கணக்கிட்டால் 45 நிமிடம். பதற்றத்தில் ஆளைத் தூக்கும்போது மூச்சு இரட்டிப்பாகும், நேரம் பாதியாகும். குறுகிய வாயில் சிலிண்டரோடு நுழைவதே பெரும்பாடு. தாடி வைத்தவருக்கு முகமூடி சரியாக ஒட்டாது. பழகாத ஆளிடம் இந்த செட்டைக் கொடுத்து இறக்கினால் இன்னொருவரையும் தூக்க வேண்டி வரும். வடிகட்டி முகமூடியை இதற்கு மாற்றாக நினைக்கவே கூடாது. அது காற்றைச் சுத்தப்படுத்தும், இல்லாத ஆக்சிஜனைக் கொடுக்காது.

மூன்றாவது, தீயணைப்புத் துறையை 101-இல் அழைத்துக் காத்திருப்பது. அழைக்கத்தான் வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் ஆக்சிஜன் போகாமல் நாலைந்து நிமிடம் ஆனாலே மூளை பாதிக்கத் தொடங்கும். அதற்குள் வண்டி வாசலுக்கு வரும் என்று எந்தத் தொழிற்பேட்டையில் உறுதி சொல்ல முடியும்? தொட்டிக்குள் இறங்க அனுமதி தரும் பெர்மிட் தாளில் மீட்புத் திட்டம் என்ற இடத்தில் '101' என்று மட்டும் எழுதியிருந்தால் அந்தப் பெர்மிட்டில் கையெழுத்துப் போடாதீர்கள்.

என் தேர்வு முக்காலிதான். சிறு தொழிற்சாலையில் காசு குறைவு என்றால் முதலில் நான்கு வாயு காட்டும் மீட்டர், உள்ளே காற்றை ஊதும் புளோயர், பிறகு முக்காலி. சிலிண்டர் செட் இவற்றுக்குப் பின்னால், அதுவும் தவறாமல் பயிற்சி நடக்கும் இடத்தில் மட்டும். விளக்கைக் கட்டி இறக்கிப் பார்க்கும் பழைய பழக்கம் மீட்டருக்கு ஈடாகாது: அது ஹைட்ரஜன் சல்ஃபைடைக் காட்டாது, மீத்தேன் இருந்தால் தீப்பிடிக்கும். ஹைட்ரஜன் சல்ஃபைடு 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு) அளவை நெருங்கினால் மூக்கு மரத்துவிடும். 'நாற்றம் போயிடுச்சு' என்று உள்ளே இருப்பவர் சொன்னால் உடனே ஏற்றிவிட வேண்டும். சேற்றை மிதித்தாலே அடங்கிக் கிடந்த வாயு கிளம்பும். அதனால் இறங்கும் முன் ஒருமுறை அளந்தது போதாது. மீட்டர் அவர் சட்டையிலேயே இருக்கட்டும்.

வெளியே நிற்பவர் கயிற்றைப் பிடித்திருக்க வேண்டும் என்பதை 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 36-ஆம் பிரிவே சொன்னது. நடைமுறையில் அந்த வேலைக்குப் பெரும்பாலும் புதிதாக வந்த ஹெல்பரை நிறுத்துகிறார்கள். பயிற்சி முதலில் போக வேண்டியது அவருக்குத்தான். வீடியோ போட்டுக் காட்டி வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கினால் வின்ச் சுற்றக் கை பழகாது. 70 கிலோ மணல் மூட்டைக்கு ஹார்னஸ் மாட்டித் தொட்டிக்குள் இறக்கி, சொல்லாமல் ஒருநாள் 'ஆள் சாய்ந்தாச்சு' என்று கத்திப் பாருங்கள். மூட்டை மேலே வர எத்தனை நிமிடம் ஆனது என்பதைக் குறித்து வைக்கவும். இந்த ஒத்திகை ஆண்டுக்கு ஒருமுறை என்பது அமெரிக்க விதியின் குறைந்தபட்சம். ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கும் நம் ஊர்த் தொழிற்சாலைகளில் புது ஹெல்பர் வரும்போதெல்லாம் செய்வதுதான் சரி.