செம்மண்ணுக்கு எந்த மீற்றர்?

விவசாய விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆசிரியருக்கும் சரி, வெங்காயத் தோட்டக்காரருக்கும் சரி, மண்ணின் பி.எச் (7க்குக் கீழே அமிலம், மேலே காரம்) பார்க்கக் கடையில் இரண்டு சாமான் எடுத்துக் காட்டுவார்கள். ஒன்று, பற்றரி இல்லாமல் மண்ணில் குத்துகிற கம்பி மீற்றர். மற்றது பேனை மாதிரியான டிஜிற்றல் மீற்றர். முதலாவதை வாங்கவே வேண்டாம்.

குத்துகிற மீற்றரில் இருப்பது இரண்டு வேறு உலோகங்கள். ஈரமண்ணில் அவற்றுக்கிடையே ஓடும் சின்ன மின்னோட்டத்துக்குத்தான் முள் ஆடுகிறது. ஈரம் கூடினாலும் ஆடும், பசளை போட்டாலும் ஆடும். யாழ்ப்பாணத்தில் கோப்பாய், சுன்னாகம் பக்கத்துச் செம்மண் காய்ந்தால் இறுகிவிடும், கம்பிதான் வளையும். இறைத்த கையோடு குத்தினால் ஒரு எண், மறுநாள் வேறொன்று. முள் 6இல் நிற்கிறதென்று, அமிலத்தைக் குறைக்கிற டொலமைற் வாங்கிக் கொட்டினால் காசுதான் நட்டம். அடியில் சுண்ணக்கல் கிடக்கிற நிலம் இது, பி.எச் பெரும்பாலும் 7க்கு மேலேதான் நிற்கும்.

பேனை மீற்றர் நல்லது, ஆனால் பெட்டியில் வரும் தாளை அப்படியே பின்பற்றக் கூடாது. மீற்றரைச் சரிபார்க்கக் கரைக்கிற தூள் பைகள் கூட வரும், அவற்றில் கரைசலின் பி.எச் 4.00, 6.86, 9.18 என்று இருக்கும். தாள் முதல் இரண்டாலும் சரிபார்க்கச் சொல்லும். எங்கள் மண்ணுக்கு 6.86உம் 9.18உம்தான் தேவை, அளக்கப்போகிற எண் அவற்றுக்கு நடுவில் விழ வேண்டும். 9.18 கரைசல் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை இழுத்து இறங்கிவிடும். அதனால் கரைத்த அன்றே பாவித்து மிச்சத்தை ஊற்றிவிடுங்கள். 30 பாகை வெயிலில் அதன் சரியான பெறுமானம் 9.14. அந்த வித்தியாசத்துக்காக மீற்றரைக் குறை சொல்ல வேண்டாம்.

தூளைக் கரைக்கவும் மண்ணைக் கலக்கவும் கிணற்றுத் தண்ணீர் ஆகாது. அதிலிருக்கும் இருகாபனேற்று எண்ணை மாற்றிவிடும். பற்றரிக்கு விடுகிற வடித்த நீர் போதும். நிழலில் உலர்த்தி 2 மி.மீ. அரிப்பில் அரித்த மண் 20 கிராமுக்கு நீர் 50 மில்லிலீற்றர். நன்றாகக் கலக்கி அரை மணித்தியாலம் விட்டு, மறுபடி கலக்கி, மீற்றர் முனையிலுள்ள கண்ணாடிக் குமிழை மேலே தெளிந்த நீரில் பிடியுங்கள், அடியில் படிந்த மண்ணில் குத்த வேண்டாம். எண் ஆடாமல் நின்ற பிறகு எழுதுங்கள். 8.2 அளவில் நின்றால் சுண்ணாம்பின் வேலை. 8.5ஐத் தாண்டினால் சோடியத்தைச் சந்தேகிக்க வேண்டும், அதிலும் கடல்நீரேரிக் கரைப் பக்கமென்றால்.

மண் எடுப்பதில் விடுகிற பிழையை எந்த மீற்றராலும் திருத்த முடியாது. அறுவடை முடிந்து, பசளை போட முன்னம், வளைந்து வளைந்து நடந்து 10 முதல் 15 இடங்களில் 15 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு 'வி' வடிவில் வெட்டி, பக்கச் சுவரில் மெல்லிய சீவல் எடுங்கள். வரம்பும் எருக் குவித்த இடமும் வேண்டாம். பிளாஸ்ரிக் வாளியில் கலந்து, நாலாகப் பிரித்து எதிர்ப் பங்கு இரண்டைக் கழித்து, அரைக் கிலோ வரும்வரை அதையே செய்யுங்கள்.

உப்பும் பார்க்கிற பேனை என்றால் 'பி.பி.எம்' காட்டுவதை நம்ப வேண்டாம். அது மின்கடத்துதிறனைப் பெருக்கி வரும் எண், ஒரு கொம்பனி 500ஆல் பெருக்கும், இன்னொன்று 700ஆல். மின்கடத்துதிறனாகவே வாசியுங்கள். நிறைவுற்ற மண் சாற்றில் (பசையாகும்வரை நீர் விட்டுக் குழைத்த மண்ணிலிருந்து பிரித்த நீர்) அது 1.2 dS/m (ஒரு மீற்றர் நீளத்துக்கு டெசிசீமன்) அளவைத் தாண்டினாலே வெங்காய விளைச்சல் குறையத் தொடங்கும். ஒரு பங்கு மண்ணுக்கு ஐந்து பங்கு நீர் விட்டு அளந்த எண்ணை இதோடு நேரே ஒப்பிடக் கூடாது, அது எப்போதும் குறைவாகவே வரும்.

குமிழை வடித்த நீரில் ஊறவிட்டால் கெதியில் செத்துவிடும். மூடிக்குள் 3 மோலர் பொற்றாசியம் குளோரைட்டு சில துளி விட்டு மூடுங்கள். வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்தால் வினாகிரியில் ஐந்து நிமிடம் வைத்துக் கழுவலாம். முனை கழற்றி மாற்றக்கூடிய மொடலாகப் பார்த்து வாங்கினால் முழு மீற்றரையும் எறிய வராது.

மண்ணிலுள்ள பொசுபரசு பார்க்க இந்த மீற்றர் உதவாது. சுண்ணாம்பு மண்ணில் அதை ஒல்சன் முறையில், பி.எச் 8.5 சோடியம் இருகாபனேற்றுக் கரைசலால் பிரித்துத்தான் அளக்க வேண்டும். ஆய்வுகூடத்துக்குக் கொடுக்கும்போது எந்த முறை என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். அமில மண்ணுக்கான பிரே முறையில் பார்த்த அறிக்கை இங்கே பசளைக் கணக்குப் போட உதவாது.